மீன்தொட்டி கன்ட்ரோலரின் சீரியல் ஒயரை நீட்ட எந்த வழி நல்லது?

தொட்டி கீழே ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் மாடி அறையில். நடுவில் ஒரு படிக்கட்டும் இரண்டு சுவர்களும். தொட்டியின் வெப்பநிலை, பிஎச் ஆகியவற்றை அளந்து ஹீட்டர், பம்புகளை இயக்கும் கன்ட்ரோலருடன் வந்த, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சீரியல் கேபிளின் நீளமோ ஒன்றரை மீட்டர்தான். இதை எப்படி நீட்டுவது என்ற கேள்வி பழைய கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களிடமிருந்தும், அர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டில் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. புதிய கன்ட்ரோலர்களில் ஈதர்நெட்டோ வைஃபையோ உள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவியை ஒரு ஒயருக்காகத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்?

என் வீட்டில் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். 18 மீட்டர் கேட்-5இ நெட்வொர்க் ஒயரைப் படிக்கட்டு ஓரமாக இழுத்து, இரண்டு முனையிலும் டிபி-9 என்ற ஒன்பது பின் சீரியல் கனெக்டர் வைத்து இணைத்தேன். எழுத்துகள் சுத்தமாக வந்தன, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எப்போதும் 8.2-இல் நிற்கும் பிஎச் அளவு 7.9 என்று காட்டுகிறது. தண்ணீரில் நின்று பிஎச் அளக்கும் புரோப் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை காலிப்ரேட் செய்தேன். மூன்றாவது முறை தற்செயலாக சீரியல் ஒயரைக் கழற்றி வைத்திருந்தபோது அளவு 8.2-க்குத் திரும்பியது. சொருகினால் 7.9, கழற்றினால் 8.2.

அதில் புரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். இந்த வேலையில் தூரம் சின்னப் பிரச்சினை. தொட்டித் தண்ணீருக்கும் கம்ப்யூட்டரின் மின்சாரத்துக்கும் இடையே நாம் போடும் உலோகப் பாலம்தான் பெரிய பிரச்சினை.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐசோலேஷன், அதாவது இரண்டு பக்கத்துக்கும் இடையே உலோகத் தொடர்பு இல்லாமல் தகவல் மட்டும் போவது. சீரியல் கேபிளில் தகவல் போகும் ஒயர்களோடு கிரவுண்டு ஒயரும் உண்டு. அது கம்ப்யூட்டரின் உலோகக் கூட்டை கன்ட்ரோலரின் கிரவுண்டோடு சேர்த்துவிடுகிறது. பல கன்ட்ரோலர்களில் பிஎச் புரோபின் ரெஃபரன்ஸ் முனை அதே கிரவுண்டில்தான் நிற்கிறது, புரோப் நிற்பதோ தண்ணீரில். பிஎச் புரோப் தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். ஆக, எங்கிருந்தோ 18 மில்லிவோல்ட் நுழைந்தாலே 0.3 பிஎச் பொய். என் வீட்டில் நடந்தது இதுதான்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. ப்ளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் எர்த் ஒயர் வந்திருக்காது. அப்படிப்பட்ட பாயின்ட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைப் போட்டால், அதன் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக உலோகக் கூடு கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு, ஆளுக்கு லேசாகச் சுரீரென்று இருக்கும், அவ்வளவுதான். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும். ஆனால் அதே மின்சாரம் சீரியல் ஒயர் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. எர்த் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நானும் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்தேன். பாதிதான் தீர்ந்தது. தொட்டிக்குள், தண்ணீரை எர்த்தோடு சேர்க்கும் ஒரு கிரவுண்டிங் புரோப் போட்டிருந்தேன். இப்போது கம்ப்யூட்டர் எர்த்தும் தொட்டி எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. எர்த் இருப்பது நல்லது, கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஐசோலேஷனுக்கு மாற்று ஆகாது.

இது வெறும் எண் விவகாரம் இல்லை. பிஎச் குறைவாகத் தெரிந்தால் சுண்ணாம்பு நீரை ஊற்றச் சொல்லி கன்ட்ரோலருக்கு விதி எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. பொய் 7.9-ஐ நம்பி அது ஊற்றிக்கொண்டே போனால், உண்மையான பிஎச் 8.5-ஐத் தாண்டும். செடித் தொட்டியில் பிழை எதிர்த்திசையில் இருந்தால் கரியமில வாயு வால்வு மூடாமலே இருக்கும், மீன்கள் மூச்சு முட்டிச் சாகும்.

கரன்ட் போய் வந்த பிறகு. யாரும் கை வைக்காமல் இணைப்பு தானாகத் திரும்ப வேண்டும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் அது விழும்.

தூரமும் வேகமும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் 9600 அல்லது 19200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் பேசுகின்றன. இது மெதுவான வேகம்தான், நமக்குச் சாதகம்.

மென்பொருள். பழைய விண்டோஸ் மென்பொருள் காம் போர்ட் எனப்படும் சீரியல் இணைப்பு ஒன்றைத்தான் தேடும், நெட்வொர்க் முகவரி கொடுத்தால் அதற்குப் புரியாது.

உப்பு. கடல்நீர்த் தொட்டி என்றால் சம்ப் (தொட்டிக்கு அடியில் உள்ள வடிகட்டுத் தொட்டி) அருகே வைக்கும் ஒவ்வொரு கனெக்டரும் சில மாதங்களில் பச்சை பூக்கும். தொட்டிப் பக்கம் எத்தனை கனெக்டர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பணத்தைக் கடைசியில்தான் வைக்கிறேன். எந்த வழியும் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு நல்ல ஸ்கிம்மரின் விலையை நெருங்காது.

## கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை

உங்கள் கன்ட்ரோலரில் இருப்பது உண்மையிலேயே ஆர்எஸ்-232 எனப்படும் பழைய சீரியல் தரம்தானா? மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கன்ட்ரோலரின் கிரவுண்டுக்கும் அது அனுப்பும் டிஎக்ஸ் பின்னுக்கும் இடையே, எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது அளந்து பாருங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் போலக் காட்டினால் ஆர்எஸ்-232. பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 காட்டினால் அது டிடிஎல், அதாவது சிப்கள் தமக்குள் பேசும் குறைந்த வோல்ட்டு வகை. டிடிஎல் போர்ட்டில் ஆர்எஸ்-232 கேபிளைச் சொருகினால் உள்ளே இருக்கும் சிப் போய்விடும். அதை நீண்ட ஒயரில் அப்படியே ஓட்டுவதும் சரிவராது. கன்ட்ரோலர் பக்கத்திலேயே மேக்ஸ்3232 சிப் உள்ள சின்ன போர்டைப் போட்டு ஆர்எஸ்-232 ஆக்கிய பிறகே மற்ற பேச்சு.

இன்னொன்று. நெப்டியூன் ஏபெக்ஸ் கன்ட்ரோலரில் துணைக் கருவிகளை இணைக்க இருக்கும் அக்வாபஸ் சாக்கெட் பார்க்க யூஎஸ்பி போலவே இருக்கும், ஆனால் யூஎஸ்பி இல்லை. அதைக் கம்ப்யூட்டரிலோ சார்ஜரிலோ சொருகாதீர்கள்.

## வழி 1: அதே ஆர்எஸ்-232, நீளமான ஒயர்

பாடப்புத்தகங்களில் 15 மீட்டர்தான் எல்லை என்று இருக்கும். அது பழைய விதி. பின்னால் வந்த திருத்தத்தில் நீளத்துக்குப் பதிலாக ஒயரின் கெப்பாசிட்டன்ஸுக்கு (ஒயர் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) எல்லை வைத்தார்கள்: 2500 பிக்கோஃபாரட். கேட்-5இ ஒயரில் மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் 45, 50 மீட்டர் வருகிறது. 9600 பாட்டில் ஒரு வீட்டுக்குள் இது போதும்.

ஒயரைச் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிஎக்ஸ் (அனுப்பும் ஒயர்), ஆர்எக்ஸ் (வாங்கும் ஒயர்) இரண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில் போடக் கூடாது, ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறும். டிஎக்ஸோடு ஒரு கிரவுண்டு, ஆர்எக்ஸோடு ஒரு கிரவுண்டு என்று இரண்டு ஜோடியாகப் போடுங்கள். மூன்று ஒயர் மட்டும் போட்டபின் மென்பொருள் வாய் திறக்கவில்லை என்றால், கம்ப்யூட்டர் முனையில் 7-ஆம் பின்னையும் 8-ஆம் பின்னையும், அப்புறம் 1, 4, 6 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால் 2-உம் 3-உம் மாறியிருக்கும். முனையில் ஆர்ஜே-45 (நெட்வொர்க் கனெக்டர்) வைத்தால் அதன்மேல் பெரிதாக 'சீரியல்' என்று எழுதி ஒட்டுங்கள். யாராவது அதைக் கொண்டுபோய் பவர் தரும் நெட்வொர்க் சுவிட்சில் சொருகிவிட்டால் போர்ட் எரிந்துவிடலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு நான் மேலே சொன்னதுதான்: ஐசோலேஷன் துளியும் கிடையாது. அதைச் சரிசெய்ய ஆர்எஸ்-232 ஐசோலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது, கம்ப்யூட்டர் முனையில் போட்டால் போதும். அதையும் சேர்த்து விலை பாருங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும் லேப்டாப்பில் எப்போதாவது அமைப்பை மாற்றுபவர்களுக்கு ஐசோலேட்டரும் தேவையில்லை, இந்த வழியே போதும்.

## வழி 2: யூஎஸ்பியை நீட்டுவது

கடைக்காரர் முதலில் காட்டுவது இதைத்தான். யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் அடாப்டரைத் தொட்டி அருகே வைத்து, நீளமான யூஎஸ்பி ஒயரை மாடிக்கு இழுப்பது. யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர்தான். அதற்கு மேல் என்றால் நடுநடுவே ஹப்போ, ரிப்பீட்டர் உள்ள கேபிளோ வேண்டும்.

எனக்கு இது பிடிக்காது, காரணம் தூரம் அல்ல. பம்போ ஹீட்டர் ரிலேயோ (கன்ட்ரோலர் இயக்கும் சுவிட்ச்) ஆன், ஆஃப் ஆகும்போது ஒரு சின்ன மின்துடிப்பு கிளம்பும். ஆர்எஸ்-232-இல் அது வந்தால் ஓர் எழுத்து கெடும், அடுத்த வரி சரியாக வரும். யூஎஸ்பியில் வந்தால் கருவியே கழன்றுபோனதாக கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடும். மென்பொருளைத் திறந்து மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், சில சமயம் காம் எண்ணும் மாறிவிடும். அர்டுயினோ ஊனோவில் செய்த கன்ட்ரோலராக இருந்தால் இன்னும் மோசம். யூஎஸ்பி போர்ட்டைத் திறக்கும்போதே போர்டு ரீசெட் ஆகும், ரிலேக்கள் எல்லாம் ஒரு முறை விழுந்து எழும். ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து அதைத் தடுக்கலாம், ஆனால் அடுத்து புரோகிராம் ஏற்றும்போது அதைக் கழற்ற மறந்துவிடுவோம்.

ஐசோலேஷனும் இல்லை. தனியாக யூஎஸ்பி ஐசோலேட்டர் வாங்கலாம். ஒரே அறை, 5 மீட்டருக்குள், ஐசோலேட்டரோடு என்றால் சரி. மற்றபடி வேண்டாம்.

## வழி 3: ஆர்எஸ்-485 அல்லது ஆர்எஸ்-422

இது தொழிற்சாலைகளின் வழி. ஒரே தகவலை இரண்டு ஒயரில் எதிரெதிராக அனுப்பி, வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் வெளிச் சத்தம் இரண்டிலும் சமமாக ஏறி அடிபட்டுப் போகும். 1200 மீட்டர் வரை போகும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கன்வெர்ட்டர் வேண்டும்.

வித்தியாசத்தைப் படிக்கிறதே, அப்போது ஐசோலேஷன் இருக்கிறதுதானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இரண்டு முனைக் கிரவுண்டுகளுக்கும் இடையே சுமார் 7 வோல்ட் வித்தியாசம் வரைதான் அது தாங்கும். மிதக்கும் 115 வோல்ட்டை எதிர்பார்த்து அதை வடிவமைக்கவில்லை. வாங்கும்போது ஐசோலேட்டட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும், அது விலை கூடுதல்.

இன்னும் இரண்டு. தனி அடாப்டர் இல்லாமல் சீரியல் போர்ட்டிலிருந்தே பவர் எடுக்கும் மலிவான கன்வெர்ட்டர்கள், ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு லைன்களிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சுபவை. கன்ட்ரோலரில் அந்த லைன்களே இல்லை என்றால் அவை உயிர் பெறாது. அடுத்து, இரண்டு ஒயர் ஆர்எஸ்-485-இல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேட்காமலே அளவுகளை அனுப்பிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலருக்கு அது ஒத்துவராது, நான்கு ஒயர் ஆர்எஸ்-422 வகையை எடுங்கள். ஏ, பி என்று முனைகளுக்கு இடும் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேலை செய்யவில்லை என்றால் ஜோடியை மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெடாது.

வீட்டு ஹாலுக்கு இது தேவைக்கு மேல். ஆனால் வரிசையாகத் தொட்டிகள் வைத்து மீன் வளர்க்கும் ஷெட், மோட்டார்கள் நிறைய ஓடும் இடம், ஐம்பது மீட்டரைத் தாண்டிய தூரம் என்றால் இதுதான் கை கொடுக்கும். ஒரே ஆர்எஸ்-485 பஸ்ஸில் (பொது ஒயர்) 32 கருவிகள் வரை தொங்கவிடலாம், கருவிகளின் மொழி அதற்கு இடம் கொடுத்தால்.

## வழி 4: சீரியலை ஈதர்நெட் ஆக்கும் பெட்டி

சீரியல் டிவைஸ் சர்வர் என்பார்கள். மோக்சா, லான்ட்ரானிக்ஸ் போன்றவை நீண்ட காலமாகச் செய்துவருகின்றன, மலிவான பெயர் தெரியாத பெட்டிகளும் உண்டு. கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்துக் குட்டை கேபிளில் இணைத்து, அங்கிருந்து 100 மீட்டர் வரை நெட்வொர்க் ஒயர் போகலாம்.

ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. தகவல் காந்தப்புலம் வழியாகத் தாண்டுகிறது, உலோகத் தொடர்பு இல்லை. 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது அதன் தரநிலையிலேயே இருக்கிறது. நாம் தேடிய ஐசோலேஷன் தனிக் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. ஒரு நிபந்தனை: உலோக உறை போட்ட, கனெக்டரிலும் உலோகக் கூடுள்ள நெட்வொர்க் ஒயரை வாங்காதீர்கள். அந்த உறை பின்வாசல் வழியாக கிரவுண்டை மறுபடி இணைத்துவிடும். உலோக உறையில்லாத சாதாரண யூடிபி ஒயர்தான் நமக்கு வேண்டியது.

பழைய மென்பொருளுக்காக, நெட்வொர்க்கைக் காம் போர்ட் போலக் காட்டும் டிரைவரைப் பெட்டியோடு தருகிறார்கள். புதிய விண்டோஸில் அது ஓடுமா என்று வாங்கும் முன் பாருங்கள். மலிவான பெட்டிகள் சறுக்குவது இங்கேதான். முகவரியை நிலையாக வையுங்கள், இல்லையென்றால் கரன்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிடும். அளவுகளைப் படிப்பதும் விதிகளை மாற்றுவதும் நன்றாக நடக்கும். ஆனால் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) இதன் வழியாக ஏற்றாதீர்கள், நேரக் கணக்கு தவறி பாதியில் நின்றால் கருவியே கெடலாம். அன்றைக்கு மட்டும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தொட்டியடியில் உட்காருங்கள். பெரும்பாலான பெட்டிகளில், நெட்வொர்க்கில் அவை திறந்து வைக்கும் டிசிபி போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை என்பதால் ரவுட்டரில் அதை வெளியுலகுக்குத் திறந்துவிடவும் கூடாது.

## வழி 5: தொட்டியடியிலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர்

ஒயரை நீட்டுவதற்குப் பதில் கம்ப்யூட்டரையே பக்கத்தில் கொண்டுவருவது. ராஸ்பெர்ரி பை ஒன்றை ஸ்டாண்டுக்கு வெளியே உயரத்தில் வைத்து, யூஎஸ்பி சீரியல் அடாப்டரால் அரை மீட்டரில் இணைத்து, வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்துவிடலாம். அதில் செர்2நெட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் நான்காம் வழியின் பெட்டி செய்யும் வேலையை இதுவும் செய்யும். கூடவே அளவுகளைத் தன்னிடமே சேமிக்கும். ரவுட்டர் ஓர் இரவு முழுக்கச் செத்துக் கிடந்தாலும் அந்த இரவின் வெப்பநிலை வரைபடம் காலையில் இருக்கும். இரவில் ஹீட்டர் சிக்கிக்கொண்ட நேரத்தைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

கேட்கும் விலை வேறு. லினக்ஸ் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி கரன்ட் போகும் வீட்டில் எஸ்டி கார்டு பாழாகும். இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், ஒரு மாற்றுக் கார்டைத் தயாராக வையுங்கள். பையின் 3.3 வோல்ட் பின்களில் ஆர்எஸ்-232 ஒயரை நேராகக் கொடுத்தால் பை அந்த நிமிடமே போகும்.

## வழி 6: ஒயரே இல்லாமல்

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றால் வேறு வழியில்லை. ஆர்எஸ்-232-ஐ வைஃபை ஆக்கும் பெட்டியோ, ஈஎஸ்பி8266 சிப்பில் செய்த போர்டோ போதும். ஐசோலேஷன் முழுமை. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். நானூறு லிட்டர் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று வருந்தாதீர்கள், ரவுட்டரைப் பார்த்த பக்கம் வையுங்கள். படிக்க மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்பு அறுந்தால் நின்றுபோகிற எந்த விதியையும் கம்ப்யூட்டரில் எழுதாதீர்கள். ஹீட்டரும் டோசிங்கும் (தண்ணீரில் கரைசல் ஊற்றுவதும்) கன்ட்ரோலருக்குள் இருக்கும் விதியிலேயே ஓட வேண்டும். சொல்லப்போனால் இது எல்லா வழிகளுக்கும் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | வசதியான தூரம் | ஐசோலேஷன் | கரன்ட் போய் வந்தால் | செலவு |
|---|---|---|---|---|
| நீளமான ஆர்எஸ்-232 | 45 மீட்டர் வரை | இல்லை, தனியாக வாங்க வேண்டும் | தானாகத் திரும்பும் | மிகக் குறைவு |
| யூஎஸ்பி | 5 மீட்டர் | இல்லை, தனியாக வாங்க வேண்டும் | அடிக்கடி தொந்தரவு | குறைவு |
| ஆர்எஸ்-485/422 | 1200 மீட்டர் வரை | ஐசோலேட்டட் வகையில் மட்டும் | தானாகத் திரும்பும் | நடுத்தரம் |
| ஈதர்நெட் பெட்டி | 100 மீட்டர் | உண்டு, யூடிபி ஒயர் என்றால் | நிலையான முகவரி இருந்தால் திரும்பும் | நடுத்தரம் முதல் அதிகம் |
| ராஸ்பெர்ரி பை | நெட்வொர்க் எட்டும் வரை | உண்டு, யூடிபி அல்லது வைஃபை என்றால் | கார்டு பிழைத்தால் திரும்பும் | நடுத்தரம், நேரம் அதிகம் |
| வைஃபை பெட்டி | வீட்டு சிக்னலைப் பொறுத்து | முழுமையாக உண்டு | ரவுட்டர் எழுந்த பிறகு | குறைவு |

## யாருக்கு எது

விண்டோஸில் ஓடும் பழைய மென்பொருளை விட மனமில்லாத, மாடியும் கீழுமாக வீடு உள்ளவருக்கு ஈதர்நெட் பெட்டிதான். புரோகிராம் எழுதத் தெரிந்தவர், அர்டுயினோ கன்ட்ரோலர் வைத்திருப்பவர், அளவுகளை மாதக்கணக்கில் சேர்த்து வைக்க விரும்புபவர் எல்லோரும் ராஸ்பெர்ரி பையை வாங்கலாம். பிஎச் புரோபே இல்லை, வெப்பநிலையும் விளக்கும் மட்டும்தான் என்றால் நீளமான ஒயரே போதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டிலிருந்து தனியாக நிற்கும் கொட்டகைக்கு, திறந்த வெளியைத் தாண்டிச் செப்பு ஒயர் இழுக்காதீர்கள். பக்கத்தில் விழும் மின்னல் இரண்டு முனைக் கருவிகளையும் கொண்டுபோகும். அங்கே வைஃபை அல்லது ஃபைபர்.

நான் ஈதர்நெட் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். படிக்கட்டு ஓரம் இழுத்த அதே 18 மீட்டர் கேட்-5இ ஒயர்தான், இரண்டு முனையையும் வெட்டி ஆர்ஜே-45 கிரிம்ப் செய்துகொண்டேன்.

எந்த வழியில் போனாலும், ஒயர் தொட்டிப் பக்கக் கருவிக்குள் நுழையும் முன் தொட்டில் போலக் கீழே தொங்கி மேலேறட்டும், சொட்டும் நீர் அந்தத் தாழ்விலேயே விழுந்துவிடும். வேலை முடிந்த அன்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒயர் கழற்றிய நிலையில் பிஎச் எவ்வளவு, சொருகிய பின் எவ்வளவு, கம்ப்யூட்டர் ஓடும்போது எவ்வளவு, ஹீட்டர் ஓடும்போது எவ்வளவு என்று நான்கையும் குறியுங்கள். நான்கும் 0.02-க்குள் ஒத்துப்போகும் வரை டோசிங் பம்பின் ப்ளக் வெளியிலேயே இருக்கட்டும்.